சவுண்டல் தின்ற ஆடுகளும் சென்னியப்பன் கல்யாணமும்

காங்கேயத்துக்குத் தெற்கே, பஸ் நின்றாலும் யாரும் இறங்காத ஒரு நிறுத்தம் இருக்கிறது. அங்கே இறங்கி மேற்கே நடந்தால் கூழாங்கரடு வரும். அந்த ஊரில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் பொங்கியண்ணன், நடுவிலுள்ளவர் நாச்சிமுத்து, இளையவன் சென்னியப்பன். மூன்று பேரும் தங்கமானவர்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். சிக்கலெல்லாம் அதனால்தான் வந்தது.

பொங்கியண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் சம்சாரம் ஒருநாள், "எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நான் வர்ற வரைக்கும் கோழியப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பொங்கியண்ணன் கோழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்து கூட்டிப் போகும்படி அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அவரும் போகவில்லை.

நாச்சிமுத்து பனைமரம் மாதிரி உயரம். பெண் பார்த்துத் தருவதாக வந்த தரகர் அவரிடம், "நான் சொல்றப்ப வந்தாப் போதும்" என்று சொல்லியிருந்தார். அதற்கப்புறம் தரகர் காலமாகிவிட்டார். நாச்சிமுத்து இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

மிச்சமிருந்தவன் சென்னியப்பன். அவனுக்கு மயிலாத்தாளைப் பிடித்துப்போனது சந்தையில்தான். வாங்கிய ஆட்டைத் தோளில் சுமந்துகொண்டு, வேர்த்து விறுவிறுத்து வந்துகொண்டிருந்தான். எதிரே வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, அந்த ஆடு நடக்காதுங்களா?"

"நல்லா நடக்குமுங்க. வித்தவருதான் எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னாரு."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்போடு வீடு வந்து சேர்ந்த சென்னியப்பன் ஆட்டை இறக்கி வைக்கவே மறந்துபோனான்.

மயிலாத்தாளின் அப்பா ராக்கியப்பன் ஆட்டு வியாபாரி. பெண் கேட்டுப் போன மூன்று பேரையும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். ஆனால் மறுநாள் கூழாங்கரட்டுக்கே வந்து, பட்டியில் நின்ற ஆடுகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"நான் சாதகம் பாக்கறதில்லை, ஆட்டைத்தான் பாப்பேன். வாயில்லாத சீவனை எப்படி வெச்சிருக்கறானோ அப்படித்தான் ஒருத்தன் பொண்டாட்டியையும் வெச்சிருப்பான். இந்த ஆட்டோட விலா எலும்பை இங்கிருந்தே எண்ணிரலாமாட்ட இருக்குது."

நாச்சிமுத்து ஒரு ஆட்டின் விலாவை எண்ணிப் பார்த்தார். "சரியாத்தானுங்க இருக்குது. ஒண்ணும் குறையல" என்றார்.

ராக்கியப்பன் செருப்பு கிடந்த பக்கம் திரும்பினார். "வர்ற தை வேண்டாம், அதுக்கடுத்த தை பொறந்ததும் மறுபடி வர்றேன். ஆடு செழிச்சிருந்தா பொண்ணு. இல்லீன்னா மனசுல வெச்சுக்காதீங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சென்னியப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மழை பொய்த்துக் காடெல்லாம் காய்ந்து கிடந்தது. ஆடுகள் கல்லை நக்கிக்கொண்டிருந்தன. கடைசியில் மூன்று பேரும் கால்நடை டாக்டர் ரெஜினாம்மாவிடம் போனார்கள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. "வேலி ஓரத்துல சவுண்டல் போடுங்க" என்றார். "சூபாபுல்னும் சொல்லுவாங்க. ஒருக்கா வேர் பிடிச்சுட்டா வறட்சியிலும் தழையும். ஆட்டுக்குத் தீனி, அடுப்புக்கு விறகு, காத்துக்குத் தடுப்பு. அதுமட்டுமில்லீங்க, இதோட வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கும். காத்துல இருக்கற சத்தைப் பிடிச்சு அந்த முடிச்சுல வெச்சு மண்ணுக்குக் குடுத்துரும். பக்கத்துல கத்திரி, மிளகா எது போட்டாலும் நல்லா வரும்."

ஒரு பை நிறைய விதை கொடுத்தார். பழுப்பு நிறத்தில், பளபளவென்று, தட்டையாக இருந்தது. "தோல் கெட்டியா இருக்கும். வெந்நீர்ல போட்டு எடுத்துட்டு விதைங்க."

வீட்டுக்கு வந்ததும் முதல் ஆலோசனை நடந்தது.

"வெந்நீர்னா குளிக்கறதுக்குத்தான்" என்றார் பொங்கியண்ணன். "விதையைக் குளிப்பாட்டச் சொல்றாங்க."

"குளிப்பாட்டறதுன்னா எண்ணெய் வெக்கணும்ல பெரியண்ணா?"

"வெக்கணும். ஆனா எந்தக் கிழமை? ஆம்பளைக்குச் சனிக்கிழமை, பொம்பளைக்கு வெள்ளிக்கிழமை. இதெல்லாம் ஆம்பளையா பொம்பளையா?"

நாச்சிமுத்து ஒரு விதையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியாதை இல்லாத காரியம் என்று தோன்றியதோ என்னவோ, சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

கடைசியில் சென்னியப்பன்தான் வழி சொன்னான். பாதியை வெள்ளிக்கிழமையும் பாதியைச் சனிக்கிழமையும் குளிப்பாட்டினால் யார் மனமும் நோகாது. அப்படியே செய்தார்கள். நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றி, துண்டால் துவட்டினார்கள். சளி பிடிக்கக் கூடாதே என்று சாம்பிராணிப் புகையும் காட்டினார்கள். ஐப்பசியில் ஒரு மழை கிடைத்ததும் வேலி ஓரம் முழுக்க விதைத்தார்கள்.

ஒரு வாரம் போனது. ஒன்றும் முளைக்கவில்லை. சென்னியப்பன் காலையில் எழுந்ததும் குப்புறப் படுத்து மண்ணோடு கண்ணை வைத்துப் பார்ப்பான். எறும்பு மட்டும் தெரியும்.

"டாக்டரம்மா சொன்னதுல எதையோ விட்டுட்டோம்" என்றார் பொங்கியண்ணன். "என்ன மரம்னு சொன்னாங்க?"

"சவுண்டல்."

"அதான். சவுண்டு வெக்கல."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் புரியாமல் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே காங்கேயத்திலிருந்து மைக் செட்டு வந்தது. வேலியில் இரண்டு குழாய் கட்டினார்கள். செட்டுக்காரர் இயந்திரத்தை ஓட விட்டு, ஒலிவாங்கியை நாச்சிமுத்து கையில் கொடுத்து, "பேசிப் பாருங்க" என்றார். நாச்சிமுத்துக்கு மைக்கில் பேசத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஹலோ, மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ."

அதையே பொழுது சாயும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாளும் சொன்னார். விசேஷம் என்று நினைத்து அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வெள்ளைச் சட்டையோடு வந்து பந்தல் எங்கே என்று தேடினார்கள். சென்னியப்பன் அத்தனை பேருக்கும் கம்மங்கூழ் ஊற்றினான். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, "விதை போட்டிருக்கறமுங்க" என்று உள்ளதைச் சொன்னான். பலபேர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டு, அடக்கமாக வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலையில் வேலி ஓரம் பூராவும் பச்சைப் பச்சையாக முளை எட்டிப் பார்த்தது. நாச்சிமுத்துக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தால் பிள்ளை பெற்றவர் மாதிரி இருந்தது.

செடி முழங்கால் உயரம் வந்தபோது அடுத்த கவலை பிடித்தது. வேரில் முடிச்சு இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னாரே, இருக்கிறதா? வெளியே இருந்து பார்த்தால் தெரியவில்லை. ஒரு வரிசையைப் பிடுங்கினார்கள். வேரெல்லாம் கடுகு கடுகாகக் கொப்புளம்.

பொங்கியண்ணன் இரண்டடி பின்னால் போனார். "அம்மை போட்டிருக்குது."

"அப்ப முடிச்சு?"

"முடிச்சைக் காணோம். முடிச்சு இல்லாததுனாலதான் அம்மையே வந்திருக்குது. நாமதான் போடணும்."

"எத்தனை முடிச்சு?"

பொங்கியண்ணன் நாச்சிமுத்துவைப் பரிதாபமாகப் பார்த்தார். "முடிச்சுன்னா மூணுதான். ஊருலகத்துல யாராச்சும் நாலு போட்டுப் பாத்திருக்கறயா?"

யார் போடுவது என்று பேச்சு வந்தது. பொங்கியண்ணன் ஏற்கெனவே ஒரு தரம் மூன்று முடிச்சுப் போட்டவர். மறுபடி போட்டால் சம்சாரம் வந்து கேட்பார். நாச்சிமுத்து தரகர் சொல்லாமல் எதுவும் செய்ய மாட்டார். ஆகவே சென்னியப்பன் உட்கார்ந்தான். ஒவ்வொரு செடியையும் மடியில் வைத்து, வேருக்கு மஞ்சள் தடவி, நோகாமல் மூன்று மூன்று முடிச்சாகப் போட்டு மறுபடி நட்டான். வரிசை முழுக்க வேப்பிலை செருகி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, யாரும் சத்தம் போடக் கூடாது என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். விரலெல்லாம் வலித்ததால் சென்னியப்பன் மற்ற வரிசைகளைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

மூன்று முடிச்சுப் போட்ட வரிசை அந்த வாரமே வாடிச் சாய்ந்தது. ஒரு செடி தப்பவில்லை.

பொங்கியண்ணன் வந்து தம்பியின் தோளில் கை வைத்தார். "நடந்தது நடந்துபோச்சு. மனசைத் தேத்திக்கோ. சின்ன வயசு உனக்கு."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கு அழுகிறோம் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. நாச்சிமுத்து சோறாக்கி, ரசம் வைத்து, துக்க வீட்டில் பரிமாறுகிற மாதிரி பேசாமல் பரிமாறினார்.

மற்ற வரிசைகள் ஒருவர் கையும் படாததால் செழித்து வளர்ந்தன. வருஷம் திரும்புவதற்குள் ஆளைத் தாண்டிவிட்டன. மெல்லிய இலைகள் காற்றில் சிலுசிலுக்கும். வெள்ளை வெள்ளையாக உருண்டைப் பூ பூத்தது. ஓரத்தில் போட்டிருந்த கத்திரிச்செடிகூடக் கரும்பச்சையாக நின்று காய்த்துத் தள்ளியது. காற்றிலிருந்து சத்து வருகிறது என்று டாக்டரம்மா சொன்னதை நாச்சிமுத்து மட்டும் நம்பவில்லை. தன் குரலைக் கேட்டுத்தான் கத்திரி காய்க்கிறது என்று அவர் எண்ணம். தினமும் போய் மெதுவாக, "ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிவிட்டு வருவார்.

வெட்ட வேண்டிய பருவம் வந்ததும் சென்னியப்பன் போய் டாக்டரம்மாவைக் கேட்டான். "இடுப்பு உயரத்துல வெட்டுங்க, அடியில இருந்து தழைஞ்சு வரும்" என்று சொல்லி அனுப்பினார்.

"யார் இடுப்பு?" என்றார் பொங்கியண்ணன்.

சென்னியப்பன் அதைக் கேட்காமல் வந்துவிட்டான். பொங்கியண்ணன் குள்ளம். நாச்சிமுத்து இடுப்பு இருக்கிற இடத்தில் பொங்கியண்ணனுக்குக் கழுத்து இருந்தது. வீட்டுக்கு மூத்தவர் இடுப்புத்தான் இடுப்பு என்றார் பொங்கியண்ணன். உயரம் என்று சொன்னதால் உயரமானவன் இடுப்புத்தானே கணக்கு என்றார் நாச்சிமுத்து. அன்றைக்கு நாள் முழுக்க இந்த வழக்கு நடந்தது. மறுநாள் சமாதானம் ஆயிற்று. ஒவ்வொரு மரத்தடியிலும் பொங்கியண்ணன் ஒரு முக்காலி மேல் ஏறி நின்றார். நாச்சிமுத்து பக்கத்தில் குழி தோண்டி அதற்குள் இறங்கி நின்றார். இரண்டு இடுப்பும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் சென்னியப்பன் வெட்டினான். வெட்டு என்னவோ கச்சிதமாகத்தான் விழுந்தது.

தழை மலைமலையாகக் குவிந்தது. போட்ட தழையை ஆடுகள் கல்யாண வீட்டுப் பந்திக்கு முந்துகிறவர்கள் மாதிரி மொய்த்தன. சென்னியப்பன் அவற்றின் விலாவைத் தடவிப் பார்த்து, மயிலாத்தாள் அப்பா வரும் நாளை நினைத்துக்கொண்டான். ஆனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "சவுண்டல் மூணுல ஒரு பங்குதான் போடணும். மிச்சம் ரெண்டு பங்கு காஞ்ச சோளத்தட்டும் புல்லும். மறந்துராதீங்க."

அவர்கள் மறக்கவில்லை. ஆடுகளை மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு ஆடுகளுக்குச் சவுண்டல் மட்டும். மற்ற இரண்டு பங்கு ஆடுகளுக்குச் சோளத்தட்டும் புல்லும் மட்டும்.

மார்கழி பிறந்தபோது சவுண்டல் பங்கு ஆடுகளுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் வால், அப்புறம் முதுகு, பிறகு தாடி. ஒருநாள் காலையில் பட்டியைத் திறந்தால், மூன்றில் ஒரு பங்கு ஆடுகள் உரித்த கிழங்கு மாதிரி மழமழவென்று நின்றன.

சென்னியப்பன் ஒரு வழுக்கை ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டமாக டாக்டரம்மாவிடம் போனான்.

அவர் ஆட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். என்ன போட்டீர்கள் என்று கேட்டார். அவன் சொன்னான்.  டாக்டரம்மா இனிப் பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்தவர் போல, அவனோடு கூழாங்கரட்டுக்கு வந்து, ஒரு கூடை சவுண்டலும் இரண்டு கூடை சோளத்தட்டும் புல்லும் கொட்டி, தன் கையாலேயே கலந்து, எல்லா ஆட்டுக்கும் போட்டுக் காட்டினார்.

"தினமும் இதேதான். இதை மாத்தாதீங்க. முடி தானா மொளைச்சுரும். அதுவரைக்கும் பனியில நடுங்கும், எதாச்சும் போர்த்தி விடுங்க."

கண்ணால் பார்த்ததை அவர்கள் அப்படியே செய்தார்கள். கலக்கும்போது டாக்டரம்மா நடுவில் ஒரு தரம் தும்மினார். பொங்கியண்ணன் தினமும் அந்த இடம் வந்ததும் நிறுத்தித் தும்மிவிட்டுத்தான் மேற்கொண்டு கலந்தார். என்ன இருந்தாலும் கலவை சரியாக அமைந்துவிட்டது. மார்கழி முடிவதற்குள் எல்லா ஆடும் சதை பிடித்து, விலா மூடி, பின்பக்கம் உருண்டு திரண்டன. வழுக்கை மட்டும் இன்னும் வழுக்கையாகவே இருந்தது.

தை பிறப்பதற்கு முந்தைய வாரம் ராக்கியப்பன் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: பொங்கல் கழிந்த மறுநாள் காலையில் அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

சென்னியப்பன் பட்டி ஓரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சுங்ணா. மூணுல ஒரு பங்கு மொட்டையா, மிச்சமெல்லாம் முடியோட. பாத்தாலே சீக்குன்னு சொல்லிருவாரு. மயிலாத்தா வேற வீட்டுக்குப் போயிருவா."

அவன் குரல் உடைந்ததைக் கேட்டு அண்ணன்கள் இருவருக்கும் சங்கடமாகிவிட்டது. பொங்கியண்ணன் கோழியைக்கூடப் பார்க்காமல் யோசித்தார்.

"கொஞ்சம் ஆடு மொட்டையா இருந்தாத்தான் சீக்கு" என்றார். "எல்லா ஆடும் மொட்டையா இருந்தா அது சாதி. இப்படி ஒரு சாதி ஆடு வெச்சிருக்கறாங்கன்னு நினைச்சுக்குவாரு."

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தான். எவ்வளவு நாளாக இந்த மனிதரோடு இருக்கிறோம், இவர் அறிவை நாம் சரியாக எடை போடவில்லையே என்று தோன்றியது.

பொங்கல் வாரம் முழுக்கச் சவரம் நடந்தது. நாச்சிமுத்து பிடித்துக்கொள்ள, பொங்கியண்ணன் சோப்பு நுரை தடவ, சென்னியப்பன் கத்தி போட்டான். ஒரு கீறல் விழவில்லை. தாடியை எடுத்தபோது பெரிய கிடாய் மட்டும் சென்னியப்பனை ஒரு பார்வை பார்த்தது. அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

ராக்கியப்பன் வருகிற நாள் விடிந்தது. பனி வெள்ளையாக இறங்கியிருந்தது. பட்டியைத் திறந்தால் அத்தனை ஆடும் பல் கிட்டி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

"போர்த்தி விடச் சொன்னாங்கல்ல" என்று சென்னியப்பன் சாக்குகளைக் கொண்டு வந்து போட்டான். ஆடு ஒரு எட்டு வைத்ததும் சாக்கு கீழே விழுந்தது. எடுத்துப் போட்டால் மறுபடியும் விழுந்தது.

நாச்சிமுத்து இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "போர்த்தறது நிக்காது தம்பி. நாம நடக்கறப்ப நம்ம சட்டை விழுகுதா? அதுக்குத்தான் பொத்தான் இருக்குது."

வீட்டில் இருந்த துணியெல்லாம் வெளியே வந்தது. சட்டைகள், பனியன்கள், வேட்டிகள், தரகர் கூப்பிடுவார் என்று நாச்சிமுத்து எடுத்து வைத்திருந்த மாப்பிள்ளைச் சட்டை, எல்லாம். பெட்டையாடுகளுக்கு ஆம்பளைச் சட்டை போடுவது முறையில்லை என்று பொங்கியண்ணன் தன் சம்சாரத்தின் சேலைகளை எடுத்துக் கொடுத்தார். அதுவும் தீர்ந்தபோது மூன்று பேரும் போட்டிருந்த சட்டையையும் கழற்றிவிட்டார்கள். ஆளுக்கு இடுப்பில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. கடைசியாக நின்றது பெரிய கிடாய். அதற்கு எந்தச் சட்டையும் கழுத்துக்கு மேலே ஏறவில்லை, துணியும் மிச்சமில்லை. வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வெயில் படுகிற சுவரோரம் கட்டினார்கள். அங்கேயும் அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. சென்னியப்பனுக்கு மனசே கேட்கவில்லை.

அப்போதுதான் ராக்கியப்பனும் அவருடைய அக்கா சின்னம்மணியும் வந்து சேர்ந்தார்கள்.

வாசலில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். கோடு போட்ட சட்டையில் ஒரு ஆடு, பூப்போட்ட சேலையில் ஒரு ஆடு, பொத்தான் சரியாகப் போட்ட மாப்பிள்ளைச் சட்டையில் ஒரு ஆடு. அவற்றுக்கு நடுவே வெறும் துண்டோடு, கையைக் கட்டிக்கொண்டு, உதடு நீலம் பாரித்து மூன்று அண்ணன் தம்பிகள்.

"வாங்க, வாங்க" என்றார் பொங்கியண்ணன், பல் தந்தி அடிக்க.

ராக்கியப்பன் பாயில் உட்கார்ந்தார். கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு சின்னம்மணிதான் முதலில் வாயைத் திறந்தார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு இதுதானுங்களே முதல் கல்யாணம்?"

சென்னியப்பன் பதில் சொல்வதற்குள் நாச்சிமுத்து முந்திக்கொண்டார். அவருக்குப் பொய் வராது. "இல்லீங்க. ஏற்கெனவே ஒரு வரிசைக்கு மூணு முடிச்சுப் போட்டுட்டானுங்க. ஒண்ணும் தங்கல."

சின்னம்மணி கையிலிருந்த காப்பி டம்ளர் பாயில் உருண்டது.

"செடிக்குங்க" என்றான் சென்னியப்பன். "சவுண்டல் செடிக்கு. வேர்ல முடிச்சு வேணும்னு சொன்னாங்கன்னு நான்தான் போட்டேன்."  இனி மறைத்து என்ன என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். விதையைக் குளிப்பாட்டியது, மைக் செட்டு, மூன்றில் ஒரு பங்கு, முடி கொட்டியது, மிச்ச ஆட்டுக்குச் சவரம் பண்ணியது, எதையும் விடவில்லை. "சீக்கு இல்லீங்க. குளிருதுன்னுதான் சட்டை போட்டுவிட்டோம்."

ராக்கியப்பன் எழுந்து பட்டிக்குள் போனார். கோடு போட்ட சட்டைக்காரனின் பொத்தானை அவிழ்த்து உள்ளே கையை விட்டு விலாவை அமுக்கினார். பூப்போட்ட சேலைக்காரியைத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியாமல் இறக்கி வைத்தார். ஒவ்வொரு ஆடாக வாயைத் திறந்து பார்த்தார், கண்ணைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார். சென்னியப்பன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். குளிரில் நடுங்குகிறோமா பயத்தில் நடுங்குகிறோமா என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்த ராக்கியப்பன் அக்காவின் காதில் சொல்ல நினைத்தார். ஆனால் ஆட்டுச் சந்தையில் பேசிப் பேசிப் பழகிய குரல். அது ஊருக்கே கேட்டது.

"அக்கா, முப்பது வருஷமா ஆடு பாக்கறேன். இந்தச் சதையை நான் எங்கயும் பாத்ததில்லை. அறிவு கொஞ்சம் முன்னப்பின்னதான். ஆனா தன்ற மேல இருந்த சட்டையைக் கழட்டி ஆட்டுக்குப் போட்டுட்டு நிக்கறான் பாரு. இவன் நம்ம புள்ளையைக் குளிர விடமாட்டான்."

"மயிலாத்தா மட்டும் என்ன," என்றார் சின்னம்மணி பாயைத் துடைத்துக்கொண்டே. "ஆட்டைத் தோள்ல தூக்கிட்டு வந்தவன்தான் வேணும்னு ரெண்டு வருஷமா ஒத்தக்கால்ல நிக்கறா."

சென்னியப்பன் திடுக்கிட்டான். மயிலாத்தாள் இரண்டு வருஷமாக ஒற்றைக் காலில் நிற்கிறாளே, கால் வலிக்காதா என்று அவனுக்கு உடனே கவலை வந்துவிட்டது. கல்யாணம் ஆனதும் முதல் வேலையாக ஒரு நாற்காலி வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ராக்கியப்பன் மஞ்சப்பையைத் திறந்து, மாப்பிள்ளைக்கென்று எடுத்து வந்த பட்டுக்கரை வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்தார். சட்டை நல்ல பெரிய அளவு. அளவு சொன்ன மயிலாத்தாள் அவனைத் தோளில் ஆட்டோடு பார்த்தவள். அகலத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தாங்க மாப்பிள்ளை. கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க. அளவு சரியா இருக்குதான்னு பாக்கலாம்."

மாப்பிள்ளை என்று அவர் வாயால் சொன்னதைக் கேட்டதும் சென்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினான். கொஞ்ச நேரம் அங்கே ஏதோ இழுபறி சத்தம் கேட்டது. அப்புறம் வந்தான். இடுப்பில் அதே துண்டு. மேலே ஒன்றுமில்லை. முகத்தில் மட்டும் அப்படியொரு நிம்மதி.

ராக்கியப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்னங்க மாப்பிள்ளை, சட்டை பத்தலீங்களா?"

"கச்சிதமா இருக்குதுங்க மாமா. கழுத்துகூட ஏறிருச்சு. கைதான் கொஞ்சம் நீளம், மடிச்சு விட்டிருக்கறேன்."

அவனுக்குப் பின்னாலேயே பெரிய கிடாய் வந்தது. வெள்ளைச் சட்டையும் பட்டுக்கரை வேட்டியுமாக, மடித்துவிட்ட கையோடு, வாசலைத் தாண்டி வந்து பாயின் நடுவில் நின்று, சென்னியப்பன் ஓடியபோது தட்டிலிருந்து கீழே விழுந்த வெற்றிலையை எடுத்து நிதானமாக மெல்ல ஆரம்பித்தது.

சின்னம்மணி தன்னையறியாமல் எழுந்து நின்று இடம் விட்டார்.

பொங்கியண்ணன் கிடாயைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "ஏன்டா சென்னி, வீட்டுக்கு வந்த ஒறம்பரை முன்னால வர்றவன் இப்படியா வருவான்?" என்று தம்பியைக் கடிந்துகொண்டு எழுந்து போனார். கரை தப்பான பக்கம் வந்திருந்த வேட்டியை அவிழ்த்து, கிடாய்க்குச் சரியாகத் திருப்பிக் கட்டிவிட்டு, "இப்ப உக்காருங்க" என்றார் அதனிடம்.